படிவத்தில் ஒரு கேள்வி: பால் அடையாளம் பற்றிச் சில விளக்கங்கள்



சென்ற இதழில் நீரிழிவு நோயாளர் தம் பாதங்களைப் பராமரிப்பது பற்றி எழுதியிருந்தேன். இம்முறை நம் வீடுகளில் வாய்விட்டுக் கதைக்காத ஒரு விடயம். சிலர் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு ராசிபலனுக்குப் போகக்கூடும். போகுமுன் ஒரு சிறு கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

2021 மார்ச் மாதம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடிசன மதிப்பீடு நடந்தது நினைவிருக்கும். கொரோனாக் காலம். வெம்பிளியில் இருக்கும் என் பெரியப்பா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, ஒரு கேள்விக்கு 'இல்லை' எண்டு போட்டிட்டன், சரியோ எண்டு பார்." 16 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் முதல் தடவையாகக் கேட்கப்பட்ட கேள்வி அது. உங்கள் பால் அடையாளமும் பிறந்தபோது பதியப்பட்ட பாலும் ஒன்றுதானா என்பது அதன் கருத்து. பெரியப்பாவுக்கு "பிறந்தபோது பதியப்பட்ட" என்பது மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது. "என்ர பிறப்புப் பதிவு இடம்பெயரேக்க போட்டுதெல்லே. இல்லாததை ஓம் எண்டு எழுதினால் பிறகு பிரச்சினை வருமெண்டு இல்லை எண்டு போட்டன்" என்றார்.

சிரித்துவிட்டு, மாற்றச் சொன்னேன். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவது கட்டாயமில்லை என்றும் சொன்னேன். அவர் நம்பவில்லை. நம்மில் அகதி விண்ணப்பம் நிரப்பியவர்களுக்கு இது விளங்கும். ஒரு பெட்டியை வெறுமையாக விட்டால் விண்ணப்பம் திரும்பி வரும் என்ற பயம் முப்பது வருடம் போனாலும் போகாது.

முடிவுகள் வந்தபோது ஏறத்தாழ 262,000 பேர், அதாவது 0.5 வீதத்தினர், அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று பதிலளித்திருந்தார்கள். வீதம் மிகக் கூடுதலாக இருந்த இடங்கள் எவை தெரியுமா? லண்டனின் நியூஹாமும் பிரென்ட்டும். ஈஸ்ட்ஹாமும் வெம்பிளியும் இருக்கும் அதே இரண்டு பகுதிகள்தான்! ஒக்ஸ்ஃபோர்ட் சமூகவியலாளர் மைக்கேல் பிக்ஸ் போன்றவர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரியாதவர்களில் பலர் கேள்வியைப் பிழையாக விளங்கியிருக்கலாம் என்பது அவர்களின் வாதம். புள்ளிவிபர அலுவலகமும் அதற்கு இடமுண்டு என்று ஒப்புக்கொண்டது. 2024 செப்டெம்பரில், அந்தக் கணக்கு அங்கீகரிக்கப்பட்ட உத்தியோகபூர்வப் புள்ளிவிபரம் என்ற நிலையில் இருந்து 'வளர்ச்சியில் உள்ள' புள்ளிவிபரமாக இறக்கப்பட்டது. பெரியப்பா மட்டுமல்ல, அவரைப்போல் இன்னும் எத்தனையோ பேர்.

இதை நான் பல விருந்துகளில் பகிடியாகச் சொல்லியிருக்கிறேன். பிறகு ஒருநாள் மறுபக்கமும் யோசனைக்கு வந்தது. நம் வீடுகளில் படிவம் நிரப்புவது யார்? அப்பா. எல்லாருக்கும் சேர்த்து அவரே புள்ளடி போடுவார். 16 வயதுக்கு மேற்பட்ட எவரும் வீட்டாருக்குத் தெரியாமல் தனக்கெனத் தனிப்படிவம் கேட்டு வாங்கலாம் என்ற வசதி இருந்தது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைக் கேட்டிருப்பார்கள்? ஆகவே 'இல்லை' என்று எழுதிய சில தமிழர் உண்மையில் 'ஓம்' ஆக இருக்க, 'ஓம்' என்று எழுதப்பட்ட சிலர் உண்மையில் 'இல்லை' ஆக இருந்திருப்பார்கள். அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியே எழுதுகிறேன்.

கொரோனாவுக்கு முந்திய ஒரு வருடம். 19 வயது, பல்கலைக்கழக மாணவர். ஆறு வயதிலிருந்து என்னிடம்தான் மருந்து எடுப்பவர். வீட்டில் மகள். இந்தக் கட்டுரையில் வேண்டுமென்றே 'அவர்' என்று எழுதுகிறேன். நம் மொழி அந்த வசதியைத் தந்திருக்கிறது. முதல்முறை வந்தபோது நித்திரை வருவதில்லை என்றார். பரீட்சை நெருக்கம் என்று நானே முடிவெடுத்து, இரவில் தொலைபேசியைப் பார்க்க வேண்டாம் என்று புத்தி சொல்லி அனுப்பினேன். இரண்டாம் முறை வந்தபோது கண்ணில் நீர். "யாரையும் விரும்புறீரோ?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். வைத்தியராக இருபது வருடத்துக்கு மேல் அனுபவம் இருந்தும் இரண்டு முறையும் நான் பிழைவிட்டேன்.

மூன்றாம் முறை ஒரு மடித்த தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். அதைச் சுருக்கினால், உடலால் பெண்ணாகப் பிறந்தாலும் தன்னை ஒரு ஆணாகவே உணர்வதாக எழுதியிருந்தார். ஏழு, எட்டு வயதிலிருந்தே அப்படித்தானாம். பூப்புனித நீராட்டு விழாவன்று மேடையில் இருந்த மூன்று மணித்தியாலம்தான் தன் வாழ்க்கையிலேயே நீண்டது என்று ஒரு வரி. கடைசி வரியில் என்னிடம் ஒரு கேள்வி: "டொக்டர் அங்கிள், இதை அம்மாவிடம் தமிழில் எப்படிச் சொல்லுவது?"

நான் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்த காலத்தில் இதைப்பற்றி ஒரு விரிவுரைகூடக் கேட்டதில்லை. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களோ சினிமாவில் நகைச்சுவை என்ற பெயரில் வரும் வசவுகள். அவற்றால் ஒருவர் தன்னை எப்படி அறிமுகப்படுத்துவார்?

இந்த இடத்தில் சில சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நானே குழம்பிய இடம் இதுதான். குழந்தை பிறந்ததும் உடலைப் பார்த்து மருத்துவிச்சி சொல்வது பால். நான் ஆண், நான் பெண், அல்லது இரண்டிலும் அடங்காதவர் என்று ஒருவர் தனக்குள் உணர்வது பால் அடையாளம். பெரும்பாலானோருக்கு இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் இப்படி ஒன்று இருக்கிறதென்றே நமக்குத் தெரிவதில்லை. செருப்பு அளவாக இருந்தால் காலைப் பற்றி யார் நினைக்கிறார்கள்? யாரை விரும்புகிறோம் என்பது இவை இரண்டிலும் சேராத வேறொரு விடயம். நான் "யாரையும் விரும்புறீரோ" என்று கேட்டது அதனால்தான் பிழையான கேள்வி. தலைமயிரைக் கட்டையாக வெட்டுவது, கிரிக்கெட் விளையாடுவது, சேலை பிடிக்காதது என்பவையும் இதற்கு அடையாளம் அல்ல. அப்படிப் பார்த்தால் என் சொந்தத் தங்கச்சியைப் பற்றியே கதை கட்டலாம்.

தமிழில் சொல் இல்லாமல் இல்லை. தொல்காப்பியமே இப்படிப்பட்டவர்களை உயர்திணையில் வைத்துப் பேசுகிறது. கூவாகத்தில் அரவான் திருவிழாவுக்குக் கூடுபவர்களை 'அரவானி' என்று முன்னர் அழைத்தார்கள். பிறகு தமிழ்நாட்டில் 'திருநங்கை' என்ற சொல் வழக்குக்கு வந்து, 2008ல் அரசு நலவாரியமும் அமைத்தது. பெண்ணாகப் பதியப்பட்டு ஆணாக வாழ்பவருக்கு 'திருநம்பி' என்ற சொல் உண்டு. இந்திய உச்சநீதிமன்றம் 2014 ஏப்ரலில், தன் பால் அடையாளத்தைத் தானே சொல்லும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டில் 2016ல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை மூலம், மனநல வைத்தியரின் பரிசோதனைக்குப் பின் பால் அடையாளச் சான்றிதழ் வழங்கும் முறை வந்தது.

திருநம்பி என்ற சொல்லைச் சொன்னேன். அவருக்குச் சொல் பிடித்தது, ஆனால் "அம்மாவுக்கு விளங்காது" என்றார். அதுவும் சரிதான். ஆகவே சொல்லை விட்டுவிட்டு ஒரு வசனத்தைத் தேடினோம். அன்று எனக்கு அரை மணித்தியாலம் பிந்தியது. வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் அவரே பேச்சுத் தமிழில் கண்டுபிடித்தார்: "அம்மா, என்னைப் பொம்பிளைப்பிள்ளை எண்டு சொல்லேக்க நீங்கள் வேறை ஆரையோ கூப்பிடுற மாதிரி இருக்கு." நான் இதுவரை வாசித்த மருத்துவ வரைவிலக்கணங்களில் இதைவிடத் தெளிவானது இல்லை.

இரண்டு கிழமை கழித்துத் தாயார் வந்தார், தனியாக. கதவைச் சாத்தியதும் கேட்ட முதல் கேள்வி: "டொக்டர், இவள் வயித்திலை இருக்கேக்க வன்னியிலை செல்லடிக்குப் பதுங்குகுழியிலை கிடந்தனான். அந்தப் பயத்தாலையோ?" இரண்டாவது கேள்வி, அண்ணன்மாரின் உடுப்புகளைப் போட்டு வளர்த்ததாலோ என்பது. எவ்வளவு நாளாக அந்த அம்மா இந்தக் கேள்விகளைச் சுமந்துகொண்டு திரிந்தாரோ தெரியாது.

இரண்டும் இல்லை என்று சொன்னேன். பால் அடையாளம் இப்படி அமைவதற்கு ஒரே ஒரு காரணத்தை விஞ்ஞானம் கண்டுபிடிக்கவில்லை. பரம்பரை அலகுகள், கருவில் சுரக்கும் ஹோர்மோன்கள் என்று ஆராய்ச்சிகள் நடக்கின்றன. வளர்ப்பினால் வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. இது மனநோயும் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11வது பதிப்பு 2019ல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் இது மனநோய்ப் பிரிவில் இருந்து எடுக்கப்பட்டு, பாலியல் ஆரோக்கியம் தொடர்பான பிரிவில் வைக்கப்பட்டுள்ளது. ஆனால் மறைத்து வாழும் அழுத்தத்தால் வரும் மனச்சோர்வும் தன்னைத்தானே காயப்படுத்தும் எண்ணமும் உண்மையான நோய்கள். குடும்பம் அரவணைக்கும் பிள்ளைகளிடம் இவை குறைவு என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஊருக்குக் கூட்டிப்போய்ச் சாத்திரம் பார்ப்பதும், கலியாணம் கட்டி வைத்தால் சரிவரும் என்று நினைப்பதும் இரண்டு வாழ்க்கைகளைக் கெடுக்கும் வேலை. அப்படி ஒன்று நடந்து பிரிந்த குடும்பத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

பெற்றோர் கேட்கும் மற்றக் கேள்வி சிகிச்சை பற்றியது. உடனே ஊசி, சத்திரசிகிச்சை என்று பயப்படுகிறார்கள். பலருக்கு முதலில் வேண்டியது பெயரும், உடையும், கேட்பதற்கு ஒரு காதும்தான். சிலர் எந்த மருத்துவமும் நாடுவதில்லை. பதின்ம வயதில் கேள்வி எழுப்பும் எல்லாரும் பின்னர் பால் மாற்றத்துக்குப் போவதும் இல்லை. இங்கிலாந்தில் 18 வயதுக்குக் குறைந்தவர்களைச் சிறுவர் வைத்திய நிபுணர் அல்லது சிறுவர் மனநலப் பிரிவு பார்த்த பின்னரே சிறப்புச் சேவைக்கு அனுப்புவார்கள். சிறுவருக்கான சிகிச்சைகளின் ஆதாரம் பலவீனமானது என்று டொக்டர் ஹிலரி காஸ் 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை கூறியது. அதே வருடம் பூப்பைத் தாமதப்படுத்தும் மருந்துகளை இந்தக் காரணத்துக்காகப் புதிதாக வழங்குவதும் தடைசெய்யப்பட்டது. வளர்ந்தவர்களுக்கான சேவை உண்டு, ஆனால் காத்திருப்பது வருடக்கணக்கில். அந்த இடைவெளியில் இணையத்தில் ஹோர்மோன் வாங்குகிறார்கள். இதுதான் எனக்குப் பெரிய பயம். ஈஸ்ட்ரோஜன் இரத்தக்கட்டியை உண்டாக்கலாம். டெஸ்டஸ்டெரோன் இரத்தத்தைத் தடிப்பாக்கலாம். வாங்கிவிட்டால் ஒளிக்காமல் உங்கள் ஜி.பி.யிடம் சொல்லுங்கள், இரத்தப் பரிசோதனையாவது செய்யலாம். மார்பை இறுக்கிக் கட்டுபவர்கள் நித்திரையிலும் விளையாடும்போதும் கழற்றிவிட வேண்டும். மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால், உடனே கழற்ற வேண்டும்.

இன்னொன்று. பிள்ளைகள் வைத்தியரிடம் வரும்போது அவர்களுக்கோ உங்களுக்கோ மொழிபெயர்க்க உறவினரைக் கூட்டிவர வேண்டாம். ஜி.பி.யில் கேட்டால் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஒழுங்கு செய்வார்கள். வைத்தியர் தமிழர் என்பதால் கதை கோயில்வரை போகும் என்று இளையவர்கள் பயப்படுகிறார்கள். போகாது. சொன்னால் என் வேலை போய்விடும்.

அந்தக் குடும்பத்துக்கு வருவோம். தகப்பனார் இன்றுவரை "மகள்" என்றுதான் சொல்கிறார். ஆனால் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். தாயார் ஒரு வழி கண்டார். யாழ்ப்பாணத்தில் ஆணையும் பெண்ணையும் 'பிள்ளை' என்றுதானே கூப்பிடுகிறோம்? "பிள்ளை வேலைக்குப் போட்டுது", "பிள்ளை சாப்பிட்டுட்டுது" என்று பழக்கப்படுத்திக்கொண்டார். அவனும் இல்லை, அவளும் இல்லை.

2024 கடைசியில் தன் இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்க வந்தவர், எழும்பிப் போகும்போது திரும்பி நின்றார். "டொக்டர், பிள்ளைக்கு இருபத்தைஞ்சு முடிஞ்சுது. அந்தக் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு எல்லாப் பிள்ளையளுக்கும் கடிதம் வருது, எங்கடைக்கு வரேல்லை." பதிவேட்டில் ஆண் என்று மாற்றியவர்களுக்கு அந்தக் கடிதம் தானாகப் போகவில்லை, கருப்பைக் கழுத்து உள்ள எவருக்கும் பரிசோதனை தேவை, அதை ஜி.பி.யிடம் கேட்டுத்தான் ஒழுங்கு செய்யவேண்டும். நானே கவனித்திருக்க வேண்டிய விடயம். பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்துச் சம்மதம் கேட்டு, எங்கள் தாதியிடம் நாள் குறித்தேன். செவ்வாய்க்கிழமை மாலை, வேறு நோயாளர் இல்லாத கடைசி நேரம்.