தண்ணீர் பரவினால் பெயிண்ட் பிடிக்கும்

ஐப்பசியில் தொடங்கியதே முதல் தப்பு. எலவனாசூர்கோட்டையில், உளுந்தூர்பேட்டை–சேலம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற மச்சான் வீட்டு வேப்பமரத்தடியில் அந்த வேன் நின்றது. சபரிமலைக்கும் வேளாங்கண்ணிக்கும் வருஷக்கணக்கில் ஆள் ஏற்றிய வண்டி. மச்சான் அதை வாங்கி, பின் சீட்டுகளைக் கழற்றி, ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தண்ணீர் டேங்க் என்று உள்ளே ஒரு சின்னக் குடித்தனமே வைத்துவிட்டார். வெளிநாட்டில் இதை மோட்டார் ஹோம் என்பார்கள். நம் ஊரில் கேரவன் என்றால் நடிகர்கள் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். ஆனால் அண்டா, குண்டா, அரிசி மூட்டை, சமையல்காரர் சகிதம் கோயில் கோயிலாகக் கிளம்பும் டூரிஸ்ட் பஸ்ஸைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, வீட்டை வண்டியில் ஏற்றுவது ஒன்றும் புது யோசனை இல்லை.

உள்ளே வேலை முடிந்தது. வெளியே பெயிண்ட் பாக்கி. நாமே அடித்துவிடலாம் என்று சொன்னது நான்.

பழைய வெள்ளையைக் கையால் தடவினால் உள்ளங்கை முழுக்கச் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியது. அழுக்கு என்று நினைத்தேன். அழுக்கில்லை, பெயிண்டேதான். பெயிண்டில் நிறத்தைத் தரும் நுண்துகள்களும் அவற்றைப் பிடித்து வைக்கும் பிசினும் இருக்கின்றன. வெள்ளைக்குப் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு. வெயிலின் புற ஊதாக் கதிர் பிசினின் பிணைப்புகளை அறுக்கிறது; போதாக்குறைக்கு அந்தக் கதிர் பட்ட டைட்டானியம் துகளே ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து, தன்னைப் பிடித்திருக்கும் பிசினை அரிக்கவும் செய்கிறது. இதனால்தான் நல்ல பெயிண்டில் ஒவ்வொரு துகளுக்கும் சிலிக்கா, அலுமினா என்று மெல்லிய மேலுறை போடுகிறார்கள். உறை பலவீனமானால் பிசின் கரைந்து, துகள் மட்டும் மேலே உதிரியாக நிற்கும். அதைத்தான் நான் கையில் வழித்தேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர். லாரிக்கும் பஸ்ஸுக்கும் பெயிண்ட் அடித்தே வயதானவர். வேடிக்கை பார்க்க வந்தவர், கம்ப்ரசர் வாடகைக்கு எங்கே கிடைக்கும் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுச் சிரித்தார். "அடிக்கறது ஒரு நாள் வேல தம்பி. மொதல்ல ஒரு சொம்பு தண்ணி கொண்டா."

சொம்பிலிருந்து வண்டியின் பக்கவாட்டில் தண்ணீரை ஊற்றினார். கீழ்ப்பகுதியில் அது ஒரே படலமாகப் பரவி இறங்கியது. ஜன்னல்களுக்குக் கீழே மட்டும், நடுவில் கிழிந்த வேட்டி போலப் பிரிந்து, திட்டுத் திட்டாக விலகி ஓடியது. "பாத்தியா, எண்ண" என்றார்.

தேங்காய் எண்ணெய்! இத்தனை வருஷம் ஜன்னலில் சாய்ந்து தூங்கிய தலைகளும், வெளியே தொங்கிய கைகளும் விட்டுப்போனது. தண்ணீர் தன் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் திரவம். பரப்பு இழுவிசை அதிகம். எண்ணெய்ப் பசை இருக்கும் இடத்தில் பரவ அதற்கு மனசு வராது. பெயிண்டுக்கும் இதே கதிதான். ஈரப் பெயிண்டுக்கு அடியில் ஒரு துளி எண்ணெய் இருந்தால், அங்கே பரப்பு இழுவிசை குறையும். சுற்றியிருக்கும் பெயிண்ட் இழுவிசை அதிகமான பக்கம் இழுத்துக்கொண்டு விலகிப் போய்விடும். நடுவில் வட்டமாக ஒரு குழி. டேஷ்போர்டுக்குப் போடும் சிலிக்கான் பாலிஷ் இன்னும் மோசம்.

சோப்புத் தண்ணீர், பிறகு தின்னர். அதிலும் ஒரு பக்குவம் உண்டு: தின்னரில் நனைத்த துணியால் ஒரு கை துடைக்க, அது காய்வதற்குள் இன்னொரு கை சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒற்றைத் துணியால் துடைத்தால் எண்ணெயை வண்டி முழுக்கச் சமமாகப் பங்கிட்டதாகத்தான் ஆகும். "இனிமே வெறுங்கைய வைக்காத" என்றார் பெரியவர்.

சக்கரத்துக்கு மேலே சில கொப்புளங்கள். ஸ்க்ரூ டிரைவரால் குத்தியதும் பொலபொலவென்று செங்கல் நிறத்தில் கொட்டியது. இரும்பு துருவானால் முன்பிருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த வீக்கம்தான் பெயிண்டைத் தூக்குகிறது. கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை எப்போதோ நடந்து முடிந்திருக்கும். பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்த்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு அடித்தோம். ஒரு ராத்திரி விட்டாலும் பனியில் மறுபடி பூத்துவிடும். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை: ரெட் ஆக்சைடின் அந்தச் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான். துருவைத் தடுக்கப் பூசுவது துருவின் பங்காளியை! ஏற்கெனவே ஆக்சிஜனை முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டதால் அதற்கு இனி கெடுவதற்கு ஒன்றுமில்லை.

பழைய பெயிண்டை வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத்தான் தேய்த்தோம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் விதி வந்ததே 2016-ல்தான். பழைய வண்டியின் மஞ்சள், சிவப்புப் பட்டைகளில் என்ன இருக்கும் என்று யார் கண்டது? நனைத்துத் தேய்த்தால் தூசு மூக்குக்குள் போகாது. பட்டி பார்த்த இடத்தில் மட்டும் மாஸ்க் போட்டு உலர்வாகத் தேய்த்தோம். பட்டி தண்ணீரைக் குடிக்கும். குடித்ததைப் பின்னால் கொப்புளமாகத் திருப்பித் தரும்.

நிறம் பற்றிப் பேச்சே எழவில்லை. ஆர்.சி.யில் நிறமும் இருக்கிறது; மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகம் போக வேண்டும். (ராணுவப் பச்சை ஆசை இருப்பவர்கள் அதை மறந்துவிடலாம். அந்த நிறம் ராணுவ வண்டிகளுக்கு மட்டும்.) கேள்வி, எந்த வகைப் பெயிண்ட் என்பதுதான்.

பெரியவர் சொன்னது 'டூகோ'. அது நம் பட்டறைகளில் வழங்கும் சொல்; பிறந்த ஊர் அமெரிக்கா. கார் தொழிலின் ஆரம்ப காலத்தில் எண்ணெய் வார்னிஷ் பூசிய ஒரு காரைக் காயவைத்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். டூபாண்ட் கம்பெனி நைட்ரோ செல்லுலோஸில் செய்து 1920களில் கொண்டுவந்த டூகோ, அதைச் சில மணி நேரமாக்கியது. 1914 முதல் 1925 வரை ஃபோர்டு டி மாடல் கறுப்பில் மட்டும்தான் வந்தது. டூகோ வந்த பிறகு கலர் கலராகக் கார்கள் சாலைக்கு வந்தன.

வேகமாகக் காய்வதிலேயே ஒரு வம்பு இருக்கிறது. ஒரு கதவில் மட்டும் அடித்துப் பார்த்தோம். வெளியே மழை மூட்டம். ஐந்தே நிமிஷத்தில் பளபளப்பு போய், நீறு பூத்த மாதிரி ஆகிவிட்டது. கையில் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்று இருக்குமே, அதே கதைதான்: தின்னர் ஆவியாகும்போது தகட்டின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஈரக் காற்றில் அந்தக் குளிர்ச்சியே போதும், பெயிண்ட் மேல் கண்ணுக்குத் தெரியாமல் பனி இறங்க. அந்த நுண்ணிய நீர்த்துளிகள் விட்டுப்போகும் ஓட்டைகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. சோப்பு நுரை வெள்ளையாகத் தெரியும் அதே காரணம்.

அடுத்து, ஹார்டனர் கலக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட். உழைப்பதில் அதுதான் ராஜா. ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் தண்ணீரைக் கண்டால் கார்பன் டை ஆக்சைடு விடும். ஈரக் காற்றில் அடித்தால் படலத்துக்குள் குமிழி. இதே வினையை வேண்டுமென்றே நடத்தித்தான் ஃபோம் மெத்தை செய்கிறார்கள். மச்சான் வண்டிக்குள் போட்டிருக்கும் மெத்தையும் அப்படி உப்பியதுதான். ஆனால் அந்த ஐசோசயனேட்டை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம், வந்தால் லேசில் போகாது. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பி.யூ. ஸ்ப்ரே பண்ணுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தனியாகக் காற்றுக்குழாய் வைத்த முகமூடி இல்லாமல் நான் அதைத் தொடமாட்டேன்.

மிஞ்சியது சிந்தடிக் எனாமல், ரோலரில். பொறுமையான சரக்கு. தின்னர் போன பிறகும் அது காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்து, நாள்கணக்கில் தனக்குள் வலை பின்னிக்கொண்டு இறுகுகிறது. கனமாகப் பூசினால் மேலே ஆடை கட்டி, அடியில் குழைந்து, பால் ஏடு போலச் சுருங்கும். அதனால் மூன்று மெல்லிய கோட்டிங். எல்லாம் சேர்ந்தும் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் அதிகம்.

தை வந்த பிறகுதான் அடித்தோம். அதிலும் ஒரு நாள் பக்கத்துக் கொல்லையில் கரும்புச் சோகையைக் கொளுத்தினார்கள். கரி பறந்து வந்து ஈர வெள்ளையில் உட்கார்ந்தது. காயவிட்டுத் தேய்த்து மறுபடி அடித்தோம்.

இரண்டு வாரம் கழித்துப் பெரியவர் வந்து, அதே சொம்பைக் கேட்டார். ஊற்றினார். இந்தத் தடவை தண்ணீர் பரவவில்லை. முத்து முத்தாகத் திரண்டு உருண்டு விழுந்தது. பரவாதது இப்போது நல்லதாம். மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே வந்ததும் குனிந்து உற்றுப் பார்த்தார். நான்கு சின்னக் குழிகள், வரிசையாக, விரல் நுனி இடைவெளியில். என்னைப் பார்த்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.