ஒலிக்கலவையின் வெளியீடுகள்: ஒரு விளக்கம்

அரங்கக்கலை பற்றி எழுதுவோர் ஒலியை இயக்கும் உழைப்பாளியை மறந்துவிடுவதுண்டு. அவர் முன்னுள்ள ஒலிக்கலவைக் கருவியின் உள்ளீடுகள் எளிதில் விளங்குவன. குழப்பம் வெளியீடுகளிலேயே தொடங்குகிறது.

பிரதான வெளியீடு சபையோருக்குரியது. துணை வெளியீடு, மேடையிலுள்ளோர் தம்மைத் தாமே கேட்பதற்கும் பயன்படுவது. அவ்வாறு பயன்படுங்கால், அதற்குரிய சைகை ஒவ்வோர் ஒலிவாங்கிக்குமுரிய 'ஃபேடரு'க்கு முன்னரே பிரித்தெடுக்கப்படல் வேண்டும். இன்றேல், சபைக்காகக் குரலைத் தாழ்த்துகையில் பாடகர் தம் குரலையே கேட்கமாட்டாது சுருதி பிசகுவார். பழியும் அவரையே சேரும்.

மூன்று முனைகொண்ட எக்ஸ்எல்ஆர் இணைப்பில் முதல் முனை கவசத்துக்குரியது. ஏனைய இரண்டும் ஒரே சைகையை எதிரெதிர்த் துருவங்களிற் காவுகின்றன. நீண்ட வடத்தில் இரண்டிலும் ஒரே அளவாகப் புகும் இரைச்சல், பெறும் கருவி அவற்றின் வேறுபாட்டை மட்டும் கொள்வதால் நீங்குகிறது. (இதனை இயங்கியலுக்கு உதாரணமாக்கும் ஆசையை அடக்கிக்கொள்கிறேன்.)

மட்டமும் கவனிக்கத்தக்கது. தொழில்முறைக் கருவிகளின் நியம மட்டம் ஏறத்தாழ 1.23 வோல்ற்று, வீட்டுப் பதிவுக் கருவிகளினது 0.316 வோல்ற்று மாத்திரமே. முன்னதைப் பின்னதில் நேரே செருகின் ஒலி சிதையக்கூடும். பதிவுக்கெனத் தனி வெளியீடு அமைந்திருப்பின் அதனையே நாடுதல் வேண்டும்.