ஜெயித்தால் மட்டும் போதாது

மாமா வந்திருந்த நேரத்தில் என் மகன் கூடத்தில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தான். திரையில் வெள்ளைமுடிக்காரன் ஒருவன் ஒரு பேயை வாளால் மேலே தூக்கிவிட்டு, அது தரையில் விழாதபடி சுட்டுக்கொண்டே இருந்தான்.

"ஏன் மாப்ள, செத்த பாம்பையே இந்த அடி அடிக்கிறான்?" என்றார் மாமா.

"அது இன்னும் சாகலை மாமா. சீக்கிரம் செத்துவிடக் கூடாதுன்னுதான் பார்த்துப் பார்த்து அடிக்கிறான்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. டீ வந்தது, பேச உட்கார்ந்தோம்.

டெவில் மே க்ரை என்ற இந்த விளையாட்டில் எதிரியைக் கொல்வது பெரிய காரியமே இல்லை. எப்படிக் கொன்றாய் என்பதற்குத்தான் மதிப்பெண். திரையின் ஓரத்தில் ஓர் எழுத்து வந்து நிற்கும். முதல் விளையாட்டில் டி என்றால் 'டல்', அதாவது மந்தம். அங்கிருந்து சி, பி, ஏ என்று ஏறி எஸ்ஸுக்குப் போனால் 'ஸ்டைலிஷ்'. ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் போட்டால் எழுத்து ஏறாது. அடி வாங்கினால் இறங்கும். வாள், துப்பாக்கி, உதை என்று மாற்றி மாற்றி, இடைவெளி விடாமல் கோக்க வேண்டும்.

கிட்டிப்புள் ஆடியவருக்கு இதை விளக்கவே வேண்டாம். புள்ளை ஒரு தட்டுத் தட்டி அடித்தால் ஒரு கணக்கு. அந்தரத்திலேயே இரண்டு மூன்று தட்டுத் தட்டிவிட்டு அடித்தால் கணக்கே வேறு. மாமா சிரித்துவிட்டார். அவர் ஊரில் அந்த மூன்றாவது தட்டுக்குப் பேர்போனவர்.

டெவில் மே க்ரையின் அந்தரத் தட்டு ஒரு பிழையிலிருந்து வந்தது. ஒசாகாவில் உள்ள கேப்காம் நிறுவனம் ஒனிமுஷா என்ற சாமுராய் விளையாட்டைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, எதிரியை வாளால் வெட்ட வெட்ட அவன் காற்றிலேயே மிதக்கும் ஒரு கோளாறு இருந்தது. சோதித்துப் பார்த்த ஹிடெகி காமியாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது. தான் இயக்கிய டெவில் மே க்ரையில் அதையே வித்தையாக வைத்தார்.

அந்த விளையாட்டும் வேறொன்றாகப் பிறந்திருக்க வேண்டியதுதான். 1998இல் ரெசிடென்ட் ஈவில் 2 விளையாட்டை இயக்கிய காமியாவிடம், அதே தொடரின் நான்காம் பாகத்தைச் செய்யச் சொன்னார்கள். அது குலைநடுங்கிப் பதுங்கிப் பதுங்கிப் போகும் விளையாட்டு. தோட்டாவை எண்ணிச் செலவழிக்க வேண்டும். காமியா உருவாக்கிய நாயகனோ பேயைக் கண்டால் குஷியாகிறவன். தொடரைத் தொடங்கிவைத்த ஷின்ஜி மிகாமி, இது பயமுறுத்தும் விளையாட்டாக இல்லையே என்று கண்டுகொண்டார். ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை, தனி விளையாட்டாக்குங்கள் என்றார். டெவில் மே க்ரை தொடர் முழுக்க எடுக்கப்பட்ட முடிவுகளில் இதுதான் ஆகச் சிறந்தது என்பேன். நாயகனுக்கு டான்டே என்று இத்தாலியக் கவியின் பெயரை வைத்து, 2001 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 2இல் வெளியிட்டார்கள். விமர்சகர்களும் கொண்டாடினார்கள், விற்பனையும் 20 லட்சத்தைத் தாண்டியது.

"அப்புறம் என்ன, அதையே திருப்பித் திருப்பிப் போட்டிருப்பானுங்க" என்றார் மாமா. அப்படிப் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. 2003இல் வந்த இரண்டாம் பாகம் காமியாவிடம் போகவில்லை. வேறொருவரிடம் போய்த் தடுமாறியது. கடைசி ஆறு மாத அளவில்தான் ஹிடெயாகி இட்சுனோவைக் கூப்பிட்டு எப்படியாவது முடித்துக் கொடு என்றார்கள். வாயாடி டான்டே ஊமையாகியிருந்தான். ஓரமாக நின்று துப்பாக்கியை அழுத்திக்கொண்டிருந்தாலே பாதி எதிரிகள் செத்தார்கள். வித்தை காட்டாமலே ஜெயிக்க முடிகிற இடத்தில் வித்தைக்கு மதிப்பெண் எதற்கு?

இட்சுனோவுக்கு அது மனதில் தைத்துவிட்டது. பவர் ஸ்டோன், கேப்காம் வெர்சஸ் எஸ்என்கே 2 என்று இருவர் மோதும் சண்டை விளையாட்டுகளில் ஊறியவர் அவர். பட்டனை எந்த நொடியில் அழுத்துவது என்பதிலேயே ஆட்டம் அடங்கியிருக்கிறது என்று தெரிந்தவர். அந்த ஞானத்தை எல்லாம் 2005இல் மூன்றாம் பாகத்தில் இறக்கினார். டான்டே இளைஞனாகத் திரும்பினான், வாயும் திரும்பியது. பாய்ந்து தப்புவதா, வாள் வீச்சா, துப்பாக்கியா, அடியைத் தாங்கித் திருப்பிக் கொடுப்பதா என்று நான்கு பாணிகளில் ஒன்றை ஆடுபவரே தேர்ந்துகொள்ளலாம். எதிரே அண்ணன் வெர்ஜில். பேசாமல், வியர்க்காமல், ஒற்றை வீச்சில் முடிப்பவன். மழையில் கோபுர உச்சியில் இருவரும் மோதும் முதல் சண்டை, எனக்குத் தெரிந்த பலர் கன்ட்ரோலரை மெத்தையில் எறிந்த இடம்.

இந்த மூன்றாம் பாகத்தை அமெரிக்காவில் வெளியிட்டபோது ஜப்பானில் 'கடினம்' என்றிருந்த நிலையையே அங்கே 'சாதாரணம்' ஆக்கிவிட்டார்கள். ஒரே புலம்பல். 2006இல் அதைச் சரிசெய்து, வெர்ஜிலாகவும் ஆடலாம் என்று ஒரு சிறப்புப் பதிப்பைக் கொண்டுவந்தார்கள்.

நான்காவது 2008இல் வந்தது. நீரோ என்ற புதிய பையன் பாதி வழி போவான். மீதிப் பாதியில் டான்டே அதே வழியாகத் திரும்பி நடப்பான். சண்டை அருமை, வேலை அரைகுறை.

பெரிய ரகளை அடுத்ததற்குத்தான். தொடரைப் புதிதாகத் தொடங்கும் பொறுப்பை இங்கிலாந்தின் நிஞ்ஜா தியரிக்குக் கொடுத்தார்கள். 2010இல் முதல் காட்சி வெளியானதும் ரசிகர்கள் கொதித்தார்கள். டான்டேவுக்குக் கருப்பு முடி! உருவாக்கியவர்களுக்குக் கொலை மிரட்டல்வரை போனது. கேட்டால் வெட்கமாக இருக்கிறது. 2013இல் வந்த விளையாட்டிலோ, தொடக்கத்திலேயே டான்டேவின் தலையில் ஒரு வெள்ளைத் துடைப்பம் விழுகிறது. கண்ணாடியில் பார்த்துவிட்டு அதைத் தூக்கி எறிகிறான். புண்ணில் புளியைத் தேய்த்த மாதிரி.

விமர்சகர்கள் நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். கேப்காம் 20 லட்சம் விற்கும் என்று கணக்குப் போட்டு, பிறகு 12 லட்சமாகக் குறைத்துக்கொண்டது. கெட்ட விளையாட்டு என்று நான் சொல்ல மாட்டேன். நகரமே உயிரோடு எழுந்து நாயகனை விழுங்கப் பார்க்கும் அந்தத் தெருக்கள் வேறெங்கும் இல்லை. ஆனால் முந்தைய பாகங்கள் நொடிக்கு 60 படச்சட்டங்களில் ஓடியபோது இது பிளேஸ்டேஷன் 3இல் 30இல் ஓடியது. கண்ணிமைக்கும் நேரத்தில் கணக்குப் பார்க்கிறவனுக்கு அது முடியின் நிறத்தைவிடப் பெரிய குற்றம். வேறு பெயரில் வந்திருந்தால் பிழைத்திருக்கும்.

பிறகு 2019 மார்ச்சில் இட்சுனோ பழைய கதையைத் தொடர்ந்து ஐந்தாம் பாகத்தைக் கொடுத்தார். இரண்டே வாரத்தில் 20 லட்சம். தொடரிலேயே அதிகம் விற்றதும் அதுதான். 2024இல் இட்சுனோ கேப்காமை விட்டுக் கிளம்பினார். காமியா அதற்கு வெகுமுன்பே வெளியேறி, பிளாட்டினம் கேம்ஸில் பேயோனெட்டாவைச் செய்து, தன் பழைய வித்தைக்குத் தானே போட்டியாளராகிவிட்டிருந்தார்.

மாமாவின் டம்ளர் காலி. "எங்க, என்கிட்ட ஒரு தடவை குடு" என்று பையனிடம் கை நீட்டினார். மூன்று நிமிடத்தில் செத்தார். எழுத்து டி.

நீங்களும் தொடங்குவதானால் ஐந்தாம் பாகத்தில் கை பழகிக்கொண்டு மூன்றுக்குப் போங்கள். முதல் மூன்றும் எச்டி கலெக்‌ஷன் என்று ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன. அதில் இரண்டாவதைத் திறக்க வேண்டாம்.