கரண்ட் வந்ததும் தானாக ஓடலாமா?

நம் ஒர்க்‌ஷாப் லேத்தைக் கவனித்திருப்பீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்த் திரும்பி வந்தால் அது தானாக ஓடாது. ஸ்டார்ட்டரில் உள்ள நோ-வோல்ட் காயில் பிடியை விட்டுவிடும். பச்சைப் பட்டனை மறுபடி அழுத்தணும். சக்கில் கை வைத்திருப்பவன் விரலைக் காப்பாற்றுவது அந்தச் சின்னக் காயில்தான்.

லினக்ஸ் கம்ப்யூட்டரிலும் இதே கேள்வி உண்டு. திரையில் தெரியாமல் பின்னணியில் ஓடும் வேலைக்கு ‘சர்வீஸ்’ என்று பெயர். பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்துவது, கடிகாரத்தைச் சரிசெய்வது எல்லாம் அப்படித்தான். மெஷின் ஆன் ஆனதும் எது தானாக எழணும் என்பதை நாம்தான் சொல்லணும்.

இன்று பெரும்பாலான லினக்ஸ்களில் இந்த வேலைக்கு மேஸ்திரி, 2010-இல் வந்த ‘சிஸ்டம்-டி’. டெபியன் 2015-இல் இதற்கு மாறியது. சி-டாக் உருவாக்கிய நம் நாட்டு ‘பாஸ்’ லினக்ஸுக்கும் டெபியன்தான் அடிப்படை.

‘சிஸ்டம்-சிடிஎல்’ என்ற கட்டளையோடு சேர்க்கும் வார்த்தைகள் இவை:

ஸ்டார்ட் – இப்போதே ஓடு. ரீஸ்டார்ட் ஆனால் இந்த உத்தரவு போச்சு.

எனேபிள் – ஒவ்வொரு முறை மெஷின் எழும்போதும் எழு. ஆனால் இப்போது ஓடாது! ஷிஃப்ட் லிஸ்ட்டில் பெயர் எழுதுகிற மாதிரி, ஒரு ‘லிங்க்’ மட்டும் போட்டு வைக்கும்.

டிஸேபிள் – லிஸ்ட்டிலிருந்து பெயரை எடு. ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்த ‘ஸ்டாப்’ தனியாகக் கொடுக்கணும்.

மாஸ்க் – பூட்டே போட்டாச்சு. கையால் ஸ்டார்ட் கொடுத்தாலும் எழாது.

ஸ்டார்ட்டுக்கும் எனேபிளுக்கும் உள்ள வித்தியாசம் காசு விஷயம். ஓசூர் சிப்காட்டில் நான் பயிற்சிக்குப் போன ஒரு சின்ன யூனிட்டில், பீஸ் எண்ணிக்கையை ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் பதிவு செய்தது. நிறுவியவர் ஸ்டார்ட் மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒரு நாள் இரவு கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் எழுந்தது, எண்ணும் சர்வீஸ் எழவில்லை. நைட் ஷிஃப்ட் அண்ணன்கள் போட்ட பீஸுக்குக் கணக்கே இல்லை. இன்சென்டிவ் யார் கொடுப்பது? எனேபிள் என்ற ஒரு வார்த்தை இருந்திருந்தால் அந்தச் சண்டையே வந்திருக்காது.

அப்போ எல்லாத்தையும் எனேபிள் பண்ணிடலாமா? கூடவே கூடாது! எண்ணுகிற, பதிகிற, எச்சரிக்கிற சர்வீஸ் தானாக எழட்டும். மோட்டாரை ஓடச் சொல்லும் சர்வீஸ் மட்டும் ஆள் வந்து பார்த்த பிறகு எழணும். அதற்காக நோ-வோல்ட் காயிலைக் கழற்றிவிடாதீர்கள். சாஃப்ட்வேர் அதற்கு ஈடாகாது.

நாளைக்கு எந்த யூனிட்டில் வேலைக்குச் சேர்ந்தாலும், ‘ஈஸ்-எனேபிள்ட்’ கொடுத்துப் பதிலைப் பாருங்கள். பிறகு மெஷின் சும்மா இருக்கும் நேரத்தில், பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு, ஒரு தடவை ரீபூட் செய்து பாருங்கள். கரண்ட் போகும்வரை காத்திருக்க வேண்டாம்!