வெயில் படாமல் டேன்: தோல் மேல நடக்கிற சமையல்

நம்ம ஊர்ல கறுத்துடுவோம்னு முகத்துல துப்பட்டாவைச் சுத்திக்கிட்டு வண்டி ஓட்டுறாங்க. இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா பக்கம் காசு கொடுத்து பழுப்பு நிறம் வாங்குறாங்க, அதுவும் வெயில்ல நிற்காமலே. அந்த நிறம் எப்படி வருதுன்னு இந்த எபிசோட்ல பார்ப்போம். அது புரிஞ்சாதான் எதுக்கு உதவாதுன்னும் புரியும்.

முதல்ல நிஜ டேன். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் தோல் செல்களின் டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது. அந்தச் சேதம் தெரிந்த பிறகுதான் மெலனோசைட் என்கிற செல்கள் கூடுதலாக மெலனினைத் தயாரித்து அக்கம்பக்கத்துச் செல்களுக்கு அனுப்புகின்றன. நம்ம பாஷையில சொன்னா, டேன் என்பது எரர் லாக். பார்க்க அழகா இருக்கலாம், ஆனா உள்ளே ஏதோ உடைஞ்சிருக்குன்னு அர்த்தம். விளக்குப் படுக்கையில் படுத்து டேன் ஆவதும் இதே கதைதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2009ல் அந்தப் படுக்கைகளை, புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்தது. பிரேசில் அதே வருஷம் தடையே போட்டுடுச்சு.

இப்போ பாட்டில் டேன். இது தற்செயலா கிடைச்ச விஷயம். 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈவா விட்கென்ஸ்டைன் என்கிற ஆய்வாளர் (தத்துவம் எழுதினவர் வேற ஆள்!) கிளைகோஜன் நோய் உள்ள குழந்தைகளுக்கு டைஹைட்ராக்ஸிஅசிட்டோன் என்ற சர்க்கரையைக் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார். சுருக்கமா டிஹெச்ஏ. குழந்தைகள் சிந்தின இடத்தில் தோல் பழுப்பானது, துணியில் கறையே இல்லை. துணியில் ஒட்டாதது தோலில் மட்டும் ஏன் ஒட்டுதுன்னு அவர் யோசிச்சார். தன் தோலிலேயே தடவிப் பார்த்தார். 1960ல் காப்பர்டோன் நிறுவனம் 'க்யூடி' என்ற பெயரில் இதைக் கடைக்குக் கொண்டுவந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் உங்க தோசைக்கல்லுல இருக்கு. தோசை முறுகும்போது சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பழுப்பாகும். 1912ல் அதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் பெயரால் அது மயார் வினை. தோலின் மேலடுக்கில் இருப்பது செத்த செல்கள், அதாவது புரதம். டிஹெச்ஏ பட்டால், அடுப்பு இல்லாமலே, அதே மாதிரியான வினை நடக்கிறது. பருத்தித் துணியில் அமினோ அமிலம் இல்லை, அதனால் கறையும் இல்லை. போட்டவங்க மேல லேசா பிஸ்கட் வாசனை வர்றதும் இதனாலதான்.

தடவி ரெண்டு மூணு மணி நேரத்தில் நிறம் தெரிய ஆரம்பிக்கும். செத்த செல்கள் உதிர உதிர, ஒரு வாரத்தில் அதுவும் போய்விடும். முழங்கை, முட்டி, கணுக்கால் இங்கெல்லாம் மேலடுக்கு தடிமன், அதனால் அங்கே திட்டுத் திட்டாகக் கறுக்கும். முன்கூட்டியே குளித்து, செத்த தோலைத் தேய்த்து எடுத்து, அந்த இடங்களில் மட்டும் மாய்ஸ்சரைசர் லேசாகப் பூசிக்கொண்டால் நிறம் சீராக வரும். தடவி முடிச்சதும் உள்ளங்கையைக் கழுவணும். மறந்தா ஒரு வாரத்துக்கு எல்லாருக்கும் விஷயம் தெரிஞ்சிடும்.

ஸ்பிரே பண்ணிக்கிறவங்க ஒண்ணு கவனிக்கணும். அமெரிக்காவின் எஃப்டிஏ இதை வெளித்தோலில் பூச மட்டும்தான் அனுமதித்திருக்கிறது. மூச்சில் இழுக்கவோ, கண், உதடு பக்கம் படவோ அனுமதி கிடையாது. மூக்குக்கும் கண்ணுக்கும் மறைப்பு தராத கடைன்னா வெளியே வந்துடுங்க.

மாத்திரையும் ஊசியும் தனிக் கதை, எனக்குச் சுத்தமா பிடிக்காத கதை. கேன்தாசாந்தின் மாத்திரை அளவுக்கு மேல போனா கண்ணின் விழித்திரையில் படிகங்களாகப் படியக்கூடியது. மெலனோடான் ஊசியும் மூக்கு ஸ்பிரேயும் உடம்பின் மெலனின் ஹார்மோனைப் போல நடிக்கின்றன. அனுமதி இல்லாமல் ஆன்லைனில் விற்கிறாங்க. உள்ளே என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு வாங்குறவங்களுக்குத் தெரிய வழியில்லை. இங்கிலாந்து, ஆஸ்திரேலியா மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறாங்க.

கடைசியா, இந்த எபிசோட் பண்ணதுக்கே காரணமான விஷயம். கண்ணாடியில் பழுப்பாகத் தெரிகிறவர் "இனிமே எனக்குச் சுடாது"ன்னு கடற்கரைக்குப் போவார். யூஐ மட்டும் மாறியிருக்கு, பேக்எண்ட்ல யாரும் கைவைக்கல. பாட்டில் நிறத்தால் கிடைக்கும் பாதுகாப்பு மிகவும் சொற்பம், எஸ்பிஎஃப் 3, 4 அளவுதான். உள்ளே மெலனின் கூடவில்லை. பாட்டிலிலேயே சன்ஸ்க்ரீன் கலந்து எஸ்பிஎஃப் எண் போட்டிருந்தாலும் அது தடவின சில மணி நேரத்துக்குத்தான். நிறம் ஒரு வாரம் நிற்கும், பாதுகாப்பு அன்னிக்கு மத்தியானமே தீர்ந்துடும். சன்ஸ்க்ரீன் கலக்காத டேன் பொருட்களில், இது வெயிலிலிருந்து காக்காது என்று எச்சரிக்கை அச்சிடணும்னு அமெரிக்காவில் விதியே இருக்கு. பெரும்பாலும் பாட்டிலின் பின்பக்கம், பொடி எழுத்தில் இருக்கும்.