சொந்த நாட்டிலேயே வெளியூர்க்காரர்

சீனாவின் ஷென்ஜென் 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலமானது. சிச்சுவான், ஹுனான் மாகாணக் கிராமங்களிலிருந்து இளைஞர்களும் இளம்பெண்களும் ரயிலேறி வந்து குவிந்தார்கள். பொம்மை, சட்டை, செல்போன் என்று உலகம் வாங்கும் பொருள்களையெல்லாம் செய்தார்கள். தங்குவது தொழிற்சாலை விடுதியில். ஒரே அறையில் எட்டுப் பேர்கூட இருப்பார்கள். இரண்டடுக்குக் கட்டில், மறைப்புக்கு ஒரு துணித்திரை. அனுப்பிய பணத்தில் ஊரில் மாடி வீடு எழும்பியது. அதில் குடியிருப்பதோ தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளை. பெற்றவர்கள் பலர் வருவது சீனப் புத்தாண்டுக்கு மட்டும்தான்.

பிள்ளையைக் கூடவே வைத்துக்கொள்ளக் கூடாதா? அங்கேதான் குறுக்கே நிற்கிறது 'ஹுகோவ்' என்ற குடும்பப் பதிவு முறை. 1958இல் சட்டமானது. நகரத்தில் எத்தனை வருடம் உழைத்தாலும், பதிவு கிராமத்தில் இருந்தால் அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது பெரும்பாடு. கல்லூரி நுழைவுத் தேர்வைப் பெரும்பாலும் பதிவுள்ள மாகாணத்துக்கே போய் எழுத வேண்டும். நகரத்தை எழுப்பியவர்களின் பிள்ளைக்கு அங்கே படிக்க இடமில்லை என்பது எந்த விதத்திலும் நியாயமில்லை. சொந்த ஊரை விட்டு இப்படி உழைப்பவர்கள் 17 கோடிக்கும் மேல். சிறு நகரங்களில் விதி இப்போது தளர்ந்திருக்கிறது. பெய்ஜிங், ஷாங்காயில் இன்னும் கெடுபிடிதான்.