நாற்சந்தியில் சைக்கிள்

டில்லிக்கு நம்மவர் உத்தியோகம் நாடி வந்த அந்நாளில், காலை வேளையில் செக்ரடேரியட்டை நோக்கிய சாலைகளில் சைக்கிள்களே நிறைந்திருந்தன. கரோல்பாகிலிருந்தும் கோல் மார்க்கெட்டிலிருந்தும், டிபன் பாத்திரத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு புறப்பட்ட நம் பெரியவர்களுக்கு அக்கூட்டமே காவல். இன்று நம் பிள்ளைகளோ லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடையே தன்னந்தனியராய்ச் செல்கின்றனர்.

சென்ற மாதம் நம் அன்பர் ஒருவரின் புதல்வன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், நாற்சந்தியொன்றில் லாரியால் தள்ளுண்டு முழங்கை எலும்பு முறிந்தான். நலம் விசாரிக்கச் சென்ற நம்மை நோக்கி, "விளக்குப் பச்சையாகத்தானே இருந்தது, மாமா?" என்றான். உண்மையே. அவன் ஓரமாக நின்றான். பச்சை கண்டு நேரே புறப்பட்டான். பக்கத்தில் நின்ற லாரி இடப்புறம் திரும்பிற்று.

நாற்சந்தியில் சைக்கிளுக்கு நேரும் பெரிய அபாயம் இதுவே. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறம் உயரத்தில் அமர்கிறார். இடப்பக்க முன்சக்கரத்தருகே நிற்கும் சிறுவன் அவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மேலும், நீண்ட வண்டி திரும்புகையில் பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தைப் பின்பற்றாமல், மூலையை ஒட்டி உட்புறமாகச் சரிந்து வருகின்றன. முன்பகுதி விலகிச் சென்றதென்று மகிழ்ந்து நிற்பவனைப் பின்பகுதி நெருக்கிவிடும். ஆகவே, நடைபாதை விளிம்புக்கும் லாரிக்கும் இடையே உள்ள சந்தில் நுழையலாகாது. அதன் பின்னால் நிற்பதே நன்று. ஓட்டுநரின் முகம் அவருடைய கண்ணாடியில் நமக்குத் தெரியவில்லையெனில், நாமும் அவருக்குத் தெரியவில்லை என்றே கொள்ளவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறதென்று அன்பர் கேட்டார். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின்படி சைக்கிள் மோட்டார் வாகனமன்று. லைசென்ஸ் வேண்டியதில்லை, இன்ஷூரன்ஸும் இல்லை. அதனால் சிவப்பு விளக்கு நமக்கன்று என எண்ணும் சிலரை நாம் அறிவோம். குறுக்கே பச்சை கண்டு பாய்ந்து வரும் பஸ்ஸுக்கு அந்த நியாயம் தெரியாது! 2019இல் அச்சட்டத்தில் சேர்க்கப்பட்ட 138(1ஏ) பிரிவு, நடப்போரையும் மோட்டாரில்லா வண்டிகளையும் குறித்து விதி செய்யும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு அளித்தது. அவ்விதிகளை ஆறு மாதத்திற்குள் இயற்றுமாறு 2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் பணித்தது. அந்த வழக்கை 2012இல் தொடுத்தவர் கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரன் என்பது நமக்குப் பெருமை. முறிந்த எலும்புகளை அன்றாடம் கண்ட கண்களல்லவா!

வலப்புறம் திரும்புவது இன்னொரு தொல்லை. வாகன வெள்ளத்தின் நடுவே கை நீட்டிக்கொண்டு பாதி வழியில் நிற்பது சிறுவர்க்கு ஆகாது. பச்சை விளக்கில் நேரே கடந்து, எதிர் மூலையில் இறங்கி, சைக்கிளை வலப்பக்கம் திருப்பி நிறுத்தி, அந்தச் சாலைக்குப் பச்சை வரும்வரை காத்திருந்து மறுபடி நேரே போகலாம். ஒரு விளக்கு நேரம் கூடுதலாகும், அவ்வளவே. கோல் மார்க்கெட் போன்ற வட்டச் சந்திகளிலோ விளக்கை நம்புவதற்கில்லை. உள்ளே நுழைவோர் வலப்புறமிருந்து வருவோர்க்கு வழிவிடவேண்டுமென்பது விதி. ஆனால் வட்டத்தின் ஓரமாகவே செல்லும் சைக்கிள்காரர் வெளியேறும் வாய் ஒவ்வொன்றையும் கடந்தாகவேண்டும். அங்கெல்லாம் ஒருமுறை வலப்பக்கம் திரும்பிப் பார்த்தல் அவசியம். துணிவில்லாதவர் இறங்கித் தள்ளிச் செல்வதில் வெட்கமில்லை. நாமே அப்படித்தான் செல்கிறோம்.

சிறுவனுக்கு இன்னும் இரண்டு வாரத்தில் கட்டுப் பிரிப்பார்களாம். சைக்கிளை விற்றுவிடலாமென்று தாயார் சொல்ல, தந்தையார் வாய் திறக்கவில்லை. கட்டுப் பிரித்தபின் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, அவனையும் தந்தையாரையும் அழைத்துக்கொண்டு அதே நாற்சந்திக்குச் சென்று, லாரிகள் திரும்புவதை அரைமணி நேரம் நின்று பார்ப்பதாக நாம் வாக்களித்திருக்கிறோம்.